கதை எழுதி பீரோவில் வைத்திருப்பவர்களுக்கு: சந்தேகத்தையும் வைத்துக்கொண்டே அனுப்புவது எப்படி

2016 முதல் 2022 வரை பதினோரு சிறுகதைகள் எழுதினேன். ஒன்றைக்கூட எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. ஒருமுறை மட்டும் கவரில் போட்டு, முகவரி எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, தபால் பெட்டி வரைக்கும் போய்விட்டேன். பெட்டியின் வாய்க்குள் பாதிக் கவர் நுழைந்திருந்தது. அப்படியே உருவிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதையைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு, ஸ்டாம்பை மட்டும் டீக் கொதிக்கும் ஆவியில் காட்டி உரித்து எடுத்தேன். ஈரோட்டில் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவன். ஐந்து ரூபாயை விட மனசு வரவில்லை. ஆறு வருஷக் கதைகளை விட்டுவிட மனசு வந்தது.

இப்போது அனுப்புகிறேன். சந்தேகம் போய்விட்டதா என்றால், இல்லை. அது போகட்டும், அப்புறம் அனுப்பலாம் என்று காத்திருந்ததுதான் நான் செய்த தவறு. நீங்கள் எழுதுவது கவிதையாக இருக்கலாம், குறும்படக் கதையாக இருக்கலாம். எனக்குத் தெரிந்தது சிறுகதை என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். முதல் கதை பீரோவிலிருந்து வெளியே போக எனக்கு மூன்று மாதம் ஆனது. உங்களுக்கும் அவ்வளவு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1. சந்தேகத்துக்கு ஒரு நாள்வழி போடுங்கள் (இரண்டு வாரம்)

கடையில் வரவு செலவு எதுவானாலும் முதலில் நாள்வழியில், அதாவது அன்றாடக் கணக்கு நோட்டில், ஏறும். அப்புறம்தான் தலைப்பு வாரியாகப் பிரித்து எழுதும் பேரேடு. மனசுக்குள் ஓடுகிற சந்தேகத்துக்கும் அதையே செய்தேன். சாதாரண நோட்டு ஒன்று. இடதுபக்கம் தேதியும், சந்தேகம் வந்த அதே வார்த்தைகளும். வலதுபக்கம் காலி. இரண்டு வாரம் வெறுமனே எழுதுங்கள்; பதில் சொல்ல வேண்டாம், வாதாட வேண்டாம்.

பதினைந்தாம் நாள் உட்கார்ந்து வலதுபக்கத்தை நிரப்புங்கள். என் நோட்டில் 31 பதிவுகள் இருந்தன. பிரித்துப் பார்த்தால் மூன்று கணக்குத் தலைப்புதான்.

முதலாவது, விடை இருக்கிற சந்தேகம். “எனக்கு ஒற்று போடத் தெரியாது” என்று நாலு இடத்தில் எழுதியிருந்தேன். இது திறமை பற்றிய கேள்வியே இல்லை, கற்றுக்கொண்டால் தீர்ந்துவிடுவது. ‘ஐ’, ‘கு’ உருபுகள் வெளிப்படையாக வந்து, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று மிகும்: கதையைப் படித்தேன், கடைக்குப் போனேன். ‘வேலை பார்த்தேன்’ என்பதில் உருபு மறைந்திருக்கிறது, அதனால் மிகாது. இந்த ஒன்று தெரிந்தாலே நம் பிழைகளில் பெரும்பகுதி குறையும். “சாயப்பட்டறை பற்றி எழுதுகிறோம், உள்ளே போய்ப் பார்த்ததே இல்லையே” என்பதும் இதே வகைதான். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான் செலவு.

இரண்டாவது, நம் வாய் வழியாக வேறொருவர் பேசுகிற சந்தேகம். “உனக்கெல்லாம் எதுக்கு இது” என்ற வரி என் நோட்டில் ஏழு தடவை வந்தது. நான் என்னை ‘உனக்கு’ என்று ஏன் சொல்லிக்கொள்ள வேண்டும்? யோசித்தால் அது எட்டாம் வகுப்பில் என் கட்டுரை நோட்டைப் பார்த்துவிட்டு ஒருவர் சொன்னது. அந்த மாதிரிப் பதிவுகளுக்கு எதிரே, சொன்ன ஆளையும் வருஷத்தையும் மட்டும் எழுதுங்கள். முப்பது வருஷத்துப் பழைய பாக்கி என்று தெரிந்ததும் அதன் குரல் கொஞ்சம் தணியும். எனக்குத் தணிந்தது, முழுக்க நிற்கவில்லை.

மூன்றாவது, இப்போது யாராலும் பதில் சொல்ல முடியாதது. “நான் நல்ல எழுத்தாளனா?” பதினோரு கதையை ஒருவரும் படிக்காதபோது இதற்கு எங்கிருந்து பதில் வரும்? எதிரே ‘நிலுவை’ என்று எழுதிவிட்டு நகருங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சந்தேகத்துக்கு எதிராகப் புகழ்ச்சி எழுதி ஒட்டுவது. “நான் சாதிக்கப் பிறந்தவன்” என்று நானும் ஒரு துண்டுச்சீட்டைக் கண்ணாடியில் ஒட்டினேன். படிக்கும்போதெல்லாம் உள்ளே ஒருவன் சிரித்தான். நாலாம் நாள் என் மனைவி அதைத் திருப்பிப் பால் கணக்கு எழுதிவிட்டாள். சீட்டு உருப்படியாகப் பயன்பட்டது அப்போதுதான்.

2. எழுத ஒரு நேரம், சந்தேகப்பட ஒரு நேரம்

எனக்கு எழுதும் நேரம் காலை 5.15 முதல் 6 மணி வரை. சந்தேகப்படுகிற நேரம் ஞாயிறு மாலை அரை மணி. காலையில் எழுதும்போது “இது குப்பை” என்று தோன்றினால், பக்கத்தில் இருக்கும் நோட்டில் ஒரு வரி குறித்துவிட்டுக் கதைக்குத் திரும்பிவிடுவேன். ஞாயிறு மாலை அந்த வரிகளை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் எதைப் பற்றி எழுதினேன் என்றே நினைவிருக்காது.

விடுமுறை நாட்களை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். ஈரோட்டில் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு ஆரம்பித்து செவ்வாய் முழுக்க ஓடும். அந்த இரண்டு நாளும் எனக்கு எழுத்து கிடையாது. தீபாவளிக்கு முந்தைய ஒன்றரை மாதமும் கிடையாது. முன்பெல்லாம் ஒவ்வொரு தீபாவளியிலும், “பார், தொடர்ந்து எழுதக்கூட முடியாதவன் நீ” என்று என்னை நானே திட்டிக்கொள்வேன். இப்போது அது காலண்டரில் போட்ட லீவு. லீவு நாளில் வேலைக்கு வரவில்லை என்று யாரும் சம்பளம் பிடிப்பதில்லை.

3. முதல் வரைவைப் பூட்டி வையுங்கள் (21 நாள்)

எழுதி முடித்த அன்றே திருத்த உட்காராதீர்கள். அன்று கதை மகா காவியமாகத் தெரியும், இல்லையென்றால் கிழித்துப் போடத் தோன்றும். மூன்று வாரம் கழித்து எடுத்து, சத்தமாகப் படித்துப் போனில் பதிவு செய்து கேளுங்கள். நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று படித்தேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று. கேட்டபோது ஒன்று தெரிந்தது. மூன்றாம் பக்கத்தில், அப்பா மகனிடம் கடன் கேட்கும் இடத்தில், என் குரல் வேகமெடுத்து ஓடியது. எனக்கே அந்த இடத்தில் நிற்கக் கூச்சம். கதையில் அந்த உரையாடல் வெறும் நாலு வரி. அதை ஒரு பக்கமாக விரித்து எழுதியபின்தான் கதைக்கு உயிர் வந்தது. மொத்தக் கதையும் மோசம் என்று ஆறு வருஷமாக நினைத்திருந்தேன். மோசமாக இருந்தது நாலு வரி.

திருத்தம் மூன்று தடவைதான். நாலாவது தடவை திருத்துவதெல்லாம் அனுப்பாமல் இருக்க நாம் கண்டுபிடிக்கும் சாக்கு. புது லேப்டாப் வாங்கிய பிறகு, நாவல் பயிலரங்கு முடித்த பிறகு என்பவையும் அதே இனம்.

4. ஒரே ஒரு வாசகரைப் பிடியுங்கள்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். கைதட்டல் பொம்மைகள் வரும், அல்லது ஒன்றுமே வராது. இரண்டுமே உங்களுக்கு எதையும் சொல்லாது. நன்றாகப் படித்த நண்பர் வேண்டும் என்பதும் இல்லை. கதை நடக்கிற உலகம் தெரிந்த ஒருவர் போதும். அவரிடம் “எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள். “நல்லாருக்கு” என்றுதான் வரும். இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தத் தோன்றியது? எது புரியவில்லை?

என் முதல் வாசகர் எங்கள் கடையில் பார்சல் கட்டுகிற அண்ணன். இளவயதில் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், மூட்டை மேல் உட்கார்ந்து, விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார். இருபத்தைந்து நிமிஷம். நான் அதே வவுச்சரை மூன்று முறை கூட்டிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுக் கேட்டார்:

“ஏனுங்க தம்பி, பட்டறையில தண்ணி என்ன கலர்ல ஓடுச்சுன்னு எழுதவே இல்லீங்களே?”

“கலருங்களாண்ணா?”

“அன்னைக்கு என்ன சாயம் போட்டாங்களோ அந்தக் கலர்லதானுங்க ஓடும். சாக்கடையப் பாத்தே சொல்லிப்போடுவோம், இன்னைக்கு உள்ள என்ன ஓடுதுன்னு.”

கதையின் முதல் வரி அங்கிருந்து வந்தது. அவர் கதையைப் பாராட்டவில்லை என்பதை வீட்டுக்குப் போகும் வழியில்தான் கவனித்தேன். அதனால் எனக்கு ஒன்றும் ஆகவும் இல்லை.

5. ஆவணங்கள்: இங்கேதான் சந்தேகம் மறுபடி நுழையும்

தேவையானவை இவ்வளவுதான்.

கதையின் கோப்பு. யூனிகோடில் இருக்க வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கிறுக்கலாகத் திறக்கும். பழைய கதைகள் அப்படி இருந்தால் மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. மாற்றியபின் ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறியிருக்கும். தனியாகக் கேட்டிருந்தால் தவிர பிடிஎஃப் வேண்டாம், வேர்டு கோப்பே அனுப்புங்கள். வாங்குகிறவர்கள் அதிலிருந்துதான் பக்கம் கட்டுவார்கள்.

தன்குறிப்பு, மூன்று வரி. பெயர், ஊர், வேலை. போதும்.

பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரம். சன்மானம் வந்தால் கேட்பார்கள். கேட்கும்போது கொடுத்தால் போதும், கதையோடு சேர்த்து அனுப்ப வேண்டாம்.

போட்டி என்றால் உறுதிமொழி: சொந்தப் படைப்பு, வேறெங்கும் வெளியாகாதது என்று. பெரிய பொறி இதில்தான் இருக்கிறது. பல போட்டிகளில் முகநூலில் போட்டதையும் ‘வெளியானது’ என்றே கணக்கில் எடுப்பார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு யாராவது படித்தால் தேவலை என்று தோன்றும். அந்த நேரத்தில் கதையைப் பதிவாகப் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, முகப்புக் கடிதம். நான் முதலில் எழுதியது இது: “மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, நான் பெரிய எழுத்தாளன் இல்லை. ஏதோ தோன்றியதை எழுதியுள்ளேன். தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும். குறைகள் நிறைய இருக்கும். நேரமிருந்தால் மட்டும் படிக்கவும்.” இதைப் படிக்கிறவர் கதையைத் திறப்பாரா? சரக்கை மேசையில் வைக்கும்போதே “மட்டமான துணிதானுங்க” என்று சொல்லும் வியாபாரியை நான் பார்த்ததில்லை. அனுப்பியது இது: “வணக்கம். என் சிறுகதையைப் பரிசீலனைக்கு அனுப்புகிறேன். சுமார் 1,800 சொற்கள். இதுவரை எங்கும் வெளியாகவில்லை. நன்றி.” கீழே பெயர், முகவரி, கைபேசி எண். மன்னிப்பு கேட்கும் வரி ஒன்றுகூட மிச்சமில்லையா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

6. செலவு

என் முதல் கதைக்கு 2023இல் ஆனது: நோட்டு இரண்டு 130 ரூபாய், பிரிண்ட் அவுட் 60, சாயப்பட்டறை போய்வர பெட்ரோலும் டீயும் 150, தபாலில் மட்டும் வாங்குகிற ஒரு பத்திரிகைக்கு ஸ்பீட் போஸ்ட் 50 சொச்சம், பிழை பார்த்துக் கொடுத்த தமிழாசிரியர் பணம் வாங்க மறுத்ததால் ஸ்வீட் பாக்ஸ் 200. மொத்தம் 600க்குக் கொஞ்சம் கீழே.

இதற்கு மேல் யாராவது கேட்டால் நின்று யோசியுங்கள். சந்தேகப்படுகிறவனின் பயம் நன்றாக விலைபோகும் சரக்கு. “நாங்கள் உங்களை நம்புகிறோம்” என்று ஒரு போன் வந்தது. முதல் தொகுப்பு நூறு பிரதி போட 38,000 ரூபாய் என்றார்கள். ஆறு வருஷத்தில் என் எழுத்தை நம்புவதாகச் சொன்ன முதல் ஆள், கதையைப் படிக்காமலே சொன்னார்! கிட்டத்தட்டக் கட்டிவிட்டேன். தொகுப்பில் உங்கள் கதையையும் சேர்க்கிறோம், பங்குத்தொகை கட்டினால் சான்றிதழும் தருகிறோம் என்பதும் இதே கடையின் இன்னொரு வாசல். காசு கொடுத்து அச்சிடுவது குற்றமில்லை. ஆனால் “நான் எழுத்தாளனா” என்ற நிலுவைக் கேள்விக்குப் பதில் வாங்குவதற்காகக் கட்டாதீர்கள்.

போனில் பேசியவர்கள் அனுப்பிய செலவுப் பட்டியலில் ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்குத் தரும் அடையாள எண்) கட்டணம் என்று ஒரு வரி இருந்தது. இந்தியாவில் ஐஎஸ்பிஎன் எண்ணை அதற்கான தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. பதிப்புரிமை எழுதிய கணமே உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. மனசு கேட்கவில்லையென்றால் பதிவு செய்யலாம்: ஓர் இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய், ஆட்சேபத்துக்கு 30 நாள் காத்திருப்பு. “திருடிவிடுவார்களோ” என்று நாள்வழியில் ஐந்து தடவை எழுதியிருந்தேன். நான் பதிவு செய்யவில்லை, அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

7. அனுப்பிய பிறகு

ஒரு பேரேடு போடுங்கள். ஐந்து கட்டம்: கதை, அனுப்பிய இடம், தேதி, நினைவூட்ட வேண்டிய தேதி, முடிவு. ஒரு கதையை ஒரே நேரத்தில் ஓரிடத்துக்கு மட்டும். இரண்டு இடத்தில் வந்துவிட்டால் இரண்டு கதவும் சாத்தப்படும்.

மூன்று மாதம் வரை சத்தமே இருக்காது. அச்சு இதழ்கள் பலவும் தேர்வானால் மட்டுமே சொல்லும். சந்தேகம் கொழுக்கிற காலம் இதுதான். மௌனத்தை அது “படித்துச் சிரித்திருப்பார்கள்” என்று மொழிபெயர்க்கும். ஒருவரும் இன்னும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள், நிஜம் அதுவாகத்தான் இருக்கும். மூன்று மாதம் முடிந்த அன்று இரண்டு வரியில் நினைவூட்டுங்கள். அடுத்த இரண்டு வாரத்திலும் பதில் இல்லையென்றால், கதையைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி எழுதிவிட்டு வேறிடம் அனுப்புங்கள். கோபம் வேண்டாம்.

டிசம்பர், ஜனவரியில் நினைவூட்டாதீர்கள். சென்னைப் புத்தகக் காட்சி வேலையில் எல்லோரும் தலை நிமிராமல் இருப்பார்கள். எங்கள் ஊர்ப் புத்தகத் திருவிழா ஆகஸ்டில் நடக்கும். காத்திருக்கும் மாதங்களில் இந்த மாதிரி இடங்களுக்குப் போகலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: அரங்கு அரங்காக அடுக்கியிருப்பதைப் பார்த்து “இவ்வளவு இருக்கும்போது நாம் எதற்கு” என்று தோன்றும். எனக்குத் தோன்றியது. மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, போன வருஷம் முதல் புத்தகம் போட்ட ஒருவருடைய தொகுப்பை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அதில் இரண்டு கதை சுமார். அது பெரிய ஆறுதலாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

8. இது வெறும் சந்தேகம்தானா?

‘நமக்குத் தகுதியில்லை, ஒருநாள் மாட்டிக்கொள்வோம்’ என்ற எண்ணத்தை 1978இலேயே பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நன்றாகச் சாதித்த பெண்களிடமே அவர்கள் அதைக் கண்டார்கள். அது நோய் இல்லை. ஆனால் எழுத்தைத் தாண்டி, தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாவற்றிலும் இரண்டு வாரத்துக்கு மேல் பிடிப்பு விட்டுப்போனால், இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால், நோட்டுப் போடுவது அதற்கு மருந்தாகாது. டாக்டரைப் பாருங்கள். மனநல உதவிக்கான அரசுத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழில் பேசலாம். இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை.

9. திரும்பி வந்தால், வெளியானால்

திரும்பி வந்தால்: அன்று கதையைத் தொடாதீர்கள். பேரேட்டில் முடிவுக் கட்டத்தில் தேதி மட்டும் போடுங்கள். ஏழாம் நாள் ஒருமுறை படித்து, பிழை தென்பட்டால் திருத்தி, எட்டாம் நாள் அடுத்த இடம். எந்த இடம் என்பதை முதல் தடவை அனுப்பும்போதே எழுதி வைத்துவிடுங்கள். திரும்பி வந்த அன்று அந்த முடிவை எடுக்க உங்களால் முடியாது. கூடவே திருத்தக் குறிப்பு வந்திருந்தால் அது அதிர்ஷ்டம், நாள்வழியில் முதல் தலைப்பில் ஏற்றுங்கள்.

வெளியானால் சந்தேகம் தீரும் என்று நினைத்திருந்தேன். என் கதை வந்த வாரம், “தெரியாத்தனமாகப் போட்டுவிட்டார்கள், அடுத்த கதையில் தெரிந்துவிடும்” என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். அதனால் முதல் கதை வெளியாவதற்குள் இரண்டாவதைத் திருத்தி முடித்து வைத்திருங்கள். இதழ் கைக்கு வந்ததும் அதை அனுப்பிவிடலாம். பார்சல் அண்ணனுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். தண்ணீர் நிறம் வரும் வரியைத் தேடிப் பார்த்துவிட்டு, “நீலம்னு போட்டிருக்கீங்க. சரிதானுங்க,” என்று பைக்குள் வைத்துக்கொண்டார்.

என் பேரேட்டில் இப்போது 23 வரிகள். வெளியானது நாலு, திரும்பியதும் பதில் வராததும் பதினேழு, காத்திருப்பில் இரண்டு. அதில் ஒன்றுக்கு வருகிற வெள்ளிக்கிழமை நினைவூட்டல் எழுத வேண்டும்.